ஒரு கையில் பிடித்துப் படிக்க ஒரு புத்தகம்

போன வாரம் மாதிரிப் பிரதி கைக்கு வந்தது. 160 பக்கம், ஏ5 அளவு (ஏ4 தாளில் பாதி), தராசில் 192 கிராம். இடது கையில் மட்டும் பிடித்து, கட்டைவிரலால் பக்கத்தை அமுக்கியபடி மூன்றாம் அத்தியாயத்தை முழுக்கப் படித்தேன். கை கடுக்கவில்லை. பக்கமும் தானாக மூடிக்கொள்ளவில்லை. இந்தச் சோதனையில் தேறுவதற்கு 19 மாதம் பிடித்தது. அதில் முதல் எட்டு மாதம் தவறான புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

இது வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கான சுயஉதவிப் புத்தகம். நோயாளிக்கு அல்ல, கூட இருப்பவருக்கு. அம்மா பக்கவாதத்தில் படுத்த ஆறு வருடமும் நான்தான் உடனிருந்தேன். அந்த வருடங்களில் எனக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

முதல் எட்டு மாதம்

திட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நடந்ததை நடந்த வரிசையில் 14 தலைப்பாகப் பிரித்தேன். மருத்துவமனை, வீட்டுக்கு வந்த முதல் மாதம், படுக்கைப் புண், உறவினர்கள், கோபம், குற்றவுணர்வு என்று போனது. 58,000 சொல் வந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் 25 பக்கத்துக்குக் குறையவில்லை. எழுதும்போது நிறைவாகத்தான் இருந்தது. பாரம் இறங்கியது போல இருந்ததை, புத்தகம் நன்றாக வருகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தை மகள் ஒருத்தி மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அவளிடம்தான் முதலில் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தந்தாள். நாற்பதாம் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டையை அடையாளமாக வைத்திருந்தாள். அதற்குமேல் போகவில்லை.

"அக்கா, படிச்சேன். அழுதேன். ஆனா நாளைக்குக் காலைல நான் என்ன பண்ணணும்னு இதுல இல்லையே."

அந்தப் பிரதியை மூடி வைத்து இரண்டு மாதம் தொடவில்லை. அவள் சொன்னது சரி. நான் எழுதியிருந்தது என் வாழ்க்கைக் கதை. அதற்கும் ஒரு இடம் உண்டு. ஆனால் மூன்று வாரத்தில் நாற்பது பக்கம்தான் படிக்க முடிகிற ஒருத்தியின் கையில் கொடுக்க வேண்டியது அது இல்லை.

அட்டைகள்

இரண்டாம் முறை, எழுதுவதற்கு முன் அம்மாவின் மருந்து நோட்டுகளை எடுத்தேன். மொத்தம் 11 நோட்டு. இடது பக்கம் நேரம், மாத்திரை, ரத்த அழுத்தம். வலது ஓரத்தில் அன்றன்றைக்குக் கிறுக்கிய குறிப்பு. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "மூணு தடவ எழுப்பிட்டா. கத்திட்டேன். அப்புறம் கால அமுக்கி விட்டேன்." நேரம் போட்டிருந்தேன், 2.10. பேனா அழுந்தி அடுத்த தாளிலும் தடம் விழுந்திருந்தது.

அந்த எட்டு மாதத்தில் "கோபம்" என்ற தலைப்பில் 27 பக்கம் எழுதியிருக்கிறேன். இந்த மூன்று வரியில் இருந்தது அதில் இல்லை.

அதிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். 3×5 அங்குல அட்டை, ஒரு அட்டைக்கு ஒரு தருணம். அட்டையில் தலைப்பு எழுதக் கூடாது. "மன அழுத்தம்" என்று எழுதினால் அது அட்டையாகாது. "இரவு இரண்டு மணிக்கு மூன்றாவது முறை எழுப்பும்போது" என்று எழுதினால் ஆகும். "பார்க்க வந்தவர் 'நீ ரொம்ப இளைச்சிட்ட' என்று சொல்லிவிட்டுக் கிளம்பும்போது" என்றாலும் ஆகும். யார், எந்த நேரம், எது குத்துகிறது, இந்த மூன்றும் தெரிய வேண்டும்.

214 அட்டை சேர்ந்தது. தரையில் பரப்பி அடுக்க இரண்டு நாள் ஆனது. பழைய வரிசைப்படி மாதம், வருடம் என்று அடுக்கியபோது ஒன்றோடொன்று ஒட்டவில்லை. மறுநாள் கலைத்துவிட்டு, ஒரு நாளின் நேரப்படி அடுக்கினேன்: விடியற்காலை, குளிப்பாட்டும் நேரம், மதியத் தூக்கம், ஆள் வந்து போகும் மாலை, இரவு. உடனே கூடின. 38 குவியல் வந்தது, ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்ததில் 31. அந்த 31-ம் அப்படியே அத்தியாயங்கள் ஆயின. எதிலும் சேராத 83 அட்டைகள் ஒரு பெட்டியில் இருக்கின்றன.

பிறகு நான்கு நாள் ஒரே ஒரு வாக்கியத்துக்காகச் செலவழித்தேன். யாருக்கு, எப்போது படிக்க, படித்ததும் என்ன செய்ய என்பது அதில் இருக்க வேண்டும். கடைசியில் சுவரில் ஒட்டியது இது: "ஒருவரைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர், பத்து நிமிடம் கிடைக்கும்போது பிரித்து, அன்றைக்குள் ஏதாவது ஒன்றைச் சுலபமாக்கிக்கொள்ள." இதற்கு உதவாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போனது. மருத்துவமனை நாட்கள் முழுவதும் அப்படித்தான் போயின. அங்கே இருப்பவர் வேறு வாசகர், அவர் தேவை வேறு.

நான்கு பக்கச் சட்டகம்

பத்து நிமிடம் என்று முடிவானதும் மற்ற அளவுகள் தாமாக வந்து விழுந்தன. ஏ5 பக்கம், 12 புள்ளி எழுத்து, வரி இடைவெளி 17 புள்ளி. இந்த அமைப்பில் ஒரு பக்கத்தில் 160 தமிழ்ச் சொல்தான் அடங்குகிறது. நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலப் புத்தகங்களின் சொல் கணக்கை வைத்துப் பக்கம் போட்டால் தப்பாகிவிடும் என்று இங்கேதான் புரிந்தது. அத்தியாயத்துக்கு நான்கு பக்கம், ஏறக்குறைய 500 சொல். முதல் பக்கம் அந்தத் தருணம். இரண்டாவதில் அப்போது உடம்பிலும் மனதிலும் என்ன நடக்கிறது. மூன்றாவதில் செய்யக்கூடிய ஒரே ஒரு காரியம். நான்காவதில் பாதி, படிப்பவர் எழுதிக்கொள்ள வெற்றிடம்.

31 அத்தியாயத்துக்கு 124 பக்கம், முன்பகுதி 8, எழுதும் தாள்கள் 20, பின்பகுதி 8. கூட்டினால் 160. அச்சில் ஒரு ஃபாரம் 16 பக்கம் என்பதால் சரியாகப் பத்து ஃபாரம். இந்தக் கணக்கு ஒத்துவந்த அன்று எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

25 நிமிடத்துக்கு மணி வைத்து எழுதினேன். ஒரு அமர்வில் 170 சொல் வரும், மூன்று அமர்வில் ஒரு அத்தியாயம். ஐந்து மாதத்தில் முழு வரைவும் முடிந்தது: 17,500 சொல்.

முடித்த அன்றே "வேண்டும்" என்று கோப்பில் தேடினேன். 318 இடம். ஓய்வெடுக்க வேண்டும், பேச வேண்டும், பொறுக்க வேண்டும். ஏற்கெனவே நாள் முழுக்கக் கட்டளைக்கு ஓடுகிறவரை நானும் ஏவிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். நிஜமாகவே கட்டாயமானவை (மருத்துவரைக் கூப்பிடும் அறிகுறிகள் போன்றவை) அப்படியே இருந்தன. மற்ற இடங்களில் வாக்கியத்தை உடைத்து எழுதினேன். "உதவி கேட்க வேண்டும்" என்ற வரி போய், கேட்கும் பேச்சே வந்தது: "தம்பி, ஞாயித்துக்கிழமை பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் அம்மாகிட்ட இருடா. பன்னெண்டு மணிக்கு இந்த ஒரு மாத்திரை. நான் உள்ள தூங்கப் போறேன்." நாள், மணி, வேலை, நான் எங்கே இருப்பேன், நான்கும் அதில் உண்டு. "எப்பவாவது வந்து உதவி பண்ணு" என்று நான் ஐந்து வருடம் கேட்டு யாரும் வரவில்லை. இப்படிக் கேட்ட முதல் ஞாயிறே தம்பி வந்தான். திருத்தி முடித்தபோது "வேண்டும்" 96 ஆகக் குறைந்திருந்தது.

21 நாள் வரி

வரைவில் ஒரு இடத்தில் "21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று எழுதியிருந்தேன். எங்கே படித்தேன் என்று நினைவில்லை, எல்லோரும் சொல்வது. சரிபார்க்கப் போனால், அது பிளாஸ்டிக் சர்ஜன் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-ல் எழுதியதிலிருந்து பரவியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு புதிய முகம் பழகிப்போகக் "குறைந்தது ஏறத்தாழ 21 நாள்" ஆகிறது என்பது அவர் தம் நோயாளிகளிடம் கவனித்தது. "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 2010-ல் அச்சேற்றிய ஆய்வில் 96 பேர், ஒவ்வொருவரும் தினம் ஒரு சிறு செயலை 84 நாள் செய்து பார்த்தார்கள். செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர ஆன காலம் ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. நடு மதிப்பு 66. அந்த 254-ம் நேரில் பார்த்ததல்ல, 84 நாள் பதிவின் வளைகோட்டை நீட்டிக் கணக்கிட்டது. அதே ஆய்வில் எனக்குப் பயன்பட்டது இன்னொன்று: நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை. பார்த்துக்கொள்பவரின் நாட்களில் பாதி நாள் தவறும். 21 நாள் வரியை நம்பி, ஐந்தாம் நாள் தவறியதும் எல்லாம் போச்சு என்று அவர் விட்டுவிட்டால் அது என் வரி செய்த கெடுதல். அந்த வரியை எடுத்துவிட்டு, "தவறிய நாளுக்கு அடுத்த நாள்" என்று ஒரு அத்தியாயமே எழுதினேன்.

மருந்தின் அளவு பற்றி இருந்த எல்லா வரியையும் எடுத்தேன். நோயாளியைப் புரட்டுவது, தூக்குவது பற்றிய இரண்டு அத்தியாயங்களை ஒரு செவிலியரும் ஒரு பிசியோதெரபிஸ்டும் படித்துத் திருத்தினார்கள். நான் ஆறு வருடமும் அம்மாவை அக்குளில் கைகொடுத்து இழுத்துத் தூக்கியது தோள்மூட்டுக்கு ஆபத்தான முறை என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். என் அனுபவத்தை மட்டும் நம்பி அச்சிட்டிருந்தால் அந்தத் தவறு எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்! உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறவருக்கு இந்தப் புத்தகம் போதாது, இப்போதே ஒருவரிடம் பேசுங்கள் என்ற பக்கத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தேன்.

ஏழு பிரதி

வரைவை ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, ஸ்பைரல் போட்டு ஏழு பேரிடம் கொடுத்தேன். எல்லோரும் இப்போது வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். "எப்படி இருக்கு" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். அதனால் ஒரு பென்சிலும் கூடக் கொடுத்தேன். நிறுத்திய இடத்தில் கோடு, புரியாத இடத்தில் கேள்விக்குறி, எரிச்சல் வந்த இடத்தில் பெருக்கல் குறி, வேறு எதுவும் எழுதத் தேவையில்லை என்றேன்.

ஐந்து பிரதி திரும்பியது. ஒரு அத்தியாயத்துக்கு ஐந்து ஆறு நிமிடம் ஆனதாகச் சொன்னார்கள், அது சரியாக இருந்தது. ஆனால் ஐந்தில் நான்கு பேர் ஆறாம் அத்தியாயத்தில் ஒரே வரிக்குப் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்: "தினமும் முப்பது நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்." ஒருவர் குறியோடு நிற்கவில்லை. பென்சிலால் பக்கத்திலேயே எழுதியிருந்தார்: "அதுவரை இவரை யார் பார்ப்பது?"

அந்தத் தாளை அட்டைகளுக்கு மேலே ஒட்டினேன். ஆறு வருடம் அதே நிலையில் இருந்த நான், வெளியே வந்த கொஞ்ச காலத்துக்குள் இதை மறந்திருக்கிறேன். ஆறாம் அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். கூப்பிட்டால் காதில் விழும் தூரத்துக்குள், நோயாளி தூங்கிய பிறகு, ஐந்து நிமிடம். இதையே மற்ற 30 அத்தியாயத்திலும் கேட்டுப் பார்த்தேன். இன்னும் ஏழு இடம் அகப்பட்டது.

எழுதும் தாள்களும் தோற்றன. 12 கட்டம் போட்ட வாராந்திர அட்டவணை வைத்திருந்தேன். ஐந்து பிரதியிலும் முதல் நாளைத் தாண்டி யாரும் நிரப்பவில்லை. மூன்று கட்டமாகக் குறைத்தேன்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், யாரிடம் என்ன கேட்டேன், நாளைக்கு எதை விட்டுவிடலாம். கோடுகளுக்கிடையே 7 மில்லிமீட்டர் விட்டிருந்தேன். "கீ" மேலே சுழித்து ஏறுகிறது, "ரு" கீழே இறங்குகிறது. அவசரத்தில் எழுதுகிறவரின் எழுத்து அடுத்த கோட்டில் இடித்திருந்தது. 10 ஆக்கினேன்.

பிரதியை வாங்கப் போன ஒரு வீட்டில் பார்த்ததுதான் புத்தகத்தின் வடிவத்தையே மாற்றியது. அவர் கட்டில் ஓரம் உட்கார்ந்து, இருமிக்கொண்டிருந்த கணவரின் முதுகில் வலது கையை வைத்துத் தட்டிக்கொண்டே, இடது கையால் ஸ்பைரலை மடக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். 80 தாள், தாளுக்கு 5 கிராம், 400 கிராமுக்கு மேல். மணிக்கட்டு வளைந்து தொங்கியது. வெளிச்சமும் தலைமாட்டு விளக்கு மட்டும்தான்.

கட்டு, தாள், எழுத்து

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஏ5-ல் 80 தாள், 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாள்) என்றால் அட்டையோடு 215 கிராம் வருகிறது. 70 ஜிஎஸ்எம் என்றால் 190. எழுபதைத் தேர்ந்தெடுத்தேன். பின்பக்க எழுத்து லேசாகத் தெரிகிறது, ஆனால் கைக்குத்தான் முன்னுரிமை. முதுகைப் பசையால் மட்டும் ஒட்டினால் புத்தகம் விறைத்து நிற்கும், ஒரு கைக்கு அடங்காது. நூல் தையல் போட்டதில் நடுப்பக்கம் வரை நன்றாக விரிகிறது. உள் ஓரம் 20 மில்லிமீட்டர், வெளி ஓரம் 15. அட்டைக்கு மேட் லேமினேஷன். பளபள அட்டையில் விளக்கு பட்டுக் கண்ணைக் கூசியது, ஈரக் கையில் வழுக்கவும் செய்தது.

பக்க வடிவமைப்பில் பத்து நாள் வீணானது. நான் தட்டியது யூனிகோடு; வடிவமைத்தவர் பழைய எழுத்துருவுக்கு மாற்றினார். மாற்றியதில் "கொ", "கோ" எல்லாம் கொம்பு தனி, கால் தனியாகப் பிரிந்தன, "கௌ" இருந்த இடத்தில் "கெள" வந்தது. கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாத அளவுக்குச் சில ஒட்டியும் இருந்தன. கடைசியில் மாற்றுவதையே விட்டு, யூனிகோடு எழுத்துருவிலேயே முதலிலிருந்து பக்கம் கட்டினோம். இரு ஓரமும் நேராக வரும்படி இழுத்தபோது, நீளமான சொல் அடுத்த வரிக்கு இறங்கி நடுவில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழுந்தது. இடது ஓரம் மட்டும் நேராக விட்டோம்.

ஓவியத்தில்தான் காசை வீணடித்தேன். அத்தியாயத்துக்கு ஒன்று என்று 31 வரையச் சொன்னேன். எல்லாவற்றிலும் ஆட்கள் புன்னகையோடு இருந்தார்கள். படித்த ஐந்து பேரில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. புரட்டும் முறை, தூக்கும் முறையைக் காட்டும் ஆறை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மற்றவர்கள் சொன்ன அனுபவங்கள் ஒன்பது இருந்தன. பெயர், ஊர், வேலையை மாற்றி எழுதி, அச்சுக்கு முன் ஒவ்வொருவருக்கும் போனில் வாசித்துக் காட்டிச் சம்மதம் எழுதி வாங்கினேன். எட்டுப் பேர் சரி என்றார்கள். ஒருவர் இரண்டு வாரம் யோசித்து, வேண்டாம் என்றார். பெயரை மாற்றினாலும் வீட்டார் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அவர் பயம். எடுத்துவிட்டேன். அந்த அத்தியாயம் அந்த ஒருவரை நம்பித்தான் நின்றது, மறுபடி எழுத ஒரு வாரம் ஆனது. சம்மதம் கேட்பதை எழுதுவதற்கு முன்னால் வைத்திருக்கலாம்.

மணிக்கணக்கு

அட்டைகளுக்கு 40 மணி நேரம். தவறான முதல் வரைவுக்கு 260. இரண்டாம் வரைவுக்கு 150. வாசகர் சோதனைக்கும் திருத்தத்துக்கும் 95. தகவல் சரிபார்ப்பு, சம்மதம் 35. பக்கம் கட்டுவது, பிழை பார்ப்பது 50. மொத்தம் 630. முதல் 260-ஐ முழு நஷ்டம் என்று சொல்ல மாட்டேன், அதை எழுதித்தான் அம்மாவை நினைத்து அழுது முடித்தேன். ஆனால் அடுத்த முறை அதைத் தனி நோட்டில் எனக்காக எழுதிக்கொள்வேன்.

இன்னொன்றும் மாற்றுவேன். ஏழு பேரிடம் முழு வரைவு முடிந்த பிறகு போனேன். மூன்று அத்தியாயம் முடிந்ததுமே, அதுவும் புத்தக அளவிலேயே மடித்துத் தைத்து, கொண்டு போயிருந்தால் முப்பது நிமிட நடை, 12 கட்டம், 31 ஓவியம் மூன்றும் அப்போதே பிடிபட்டிருக்கும்.

மாதிரிப் பிரதியில் இன்னும் இரண்டு வேலை பாக்கி. 9-ம் அத்தியாயம் வலப்பக்கத்தில் தொடங்கிவிட்டது, அதனால் செய்ய வேண்டிய காரியத்தைப் படித்துவிட்டு, எழுதும் வெற்றிடத்துக்கு இன்னொரு முறை தாளைத் திருப்ப நேர்கிறது. ஒரு கை மட்டும் காலியாக இருப்பவருக்கு அந்தத் திருப்பல் கஷ்டம். அதற்கு முன்னால் ஒரு எழுதும் தாளை நகர்த்தினால் சரியாகிவிடும். இரண்டாவது, இரண்டு மணி அத்தியாயத்தில் பிழை திருத்தியவர் "தடவ" என்பதை "தடவை" என்று மாற்றியிருக்கிறார். நோட்டில் இருந்தபடியே விடச் சொல்லிக் குறித்திருக்கிறேன்.